பணயம் யாருடையது?

2025 பிப்ரவரி 28 அன்று அமெரிக்க வெள்ளை மாளிகையில் நடந்த உரையாடல் ஒன்றை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. படையெடுப்புக்கு ஆளான உக்ரைனின் அதிபர் ஜெலன்ஸ்கியை நோக்கி, அவர் கையில் வலுவான சீட்டுகள் இல்லை என்றார் அதிபர் டிரம்ப். தாம் சீட்டாட வரவில்லை என்று மறுத்தார் ஜெலன்ஸ்கி. மூன்றாம் உலகப் போரை வைத்துச் சூதாடுவதாக உடனே அவர்மீது பழி விழுந்தது. போரும் அமைதியும் பேசப்படும் இடத்தில் சீட்டும் சூதும் எத்தனை இயல்பாக நாவில் வந்து அமர்ந்துகொள்கின்றன என்று எண்ணியபோது, இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு மறைந்த ஓர் ஓவியர் என் நினைவுக்கு வந்தார். அவர் பெயர் ஜேம்ஸ் கில்ரே.

ஐரோப்பிய அரசுகளின் போர்க்கால ராஜதந்திரத்தை ஒரு மேசையாகக் கண்டவர் அவர். அந்த மேசை சில படங்களில் சூதாட்ட மேசையாக இருக்கும். சில படங்களில் விருந்து மேசையாக மாறும். இன்று நாளிதழ்களில் நாம் காணும் அரசியல் கருத்துப்படத்துக்குத் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். ஏறத்தாழ ஆயிரம் படங்களைச் செப்புத் தகட்டில் வடித்தவர். அவற்றுள் பலவற்றில் ஒரே ஒரு கேள்வி ஒலிப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஆடுகிறவர்கள் மேசையில் வைக்கும் பணயம் யாருடையது என்பதே அக்கேள்வி.

சூதாட்டம் என்றதும் நமக்கு அஸ்தினாபுரத்து அவை கண்முன் வரும். அங்கே நம் நெஞ்சை அறுப்பது தருமன் தோற்றான் என்பதன்று; பகடையைத் தொடாத ஒருத்தி பணயப் பொருளானாள் என்பதே. கில்ரே நம் இதிகாசத்தை அறிந்தவரல்லர். ஆனால், அந்த அநீதி எத்தகையது என்பதை அவர் தம் வீட்டிலேயே பார்த்து வளர்ந்தார்.

கில்ரேயின் தந்தை ஸ்காட்லாந்தின் லேனர்க் பகுதியைச் சேர்ந்தவர். ஆங்கிலேயப் படையில் சிப்பாயாகப் பணியாற்றியவர். 1745 மே மாதம், இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஃபான்டனாய் என்னும் ஊருக்கருகே நடந்த போரில் தம் கையை இழந்தார். ஆஸ்திரிய அரியணையின் வாரிசுரிமை யாருக்கு என்பதில் ஐரோப்பிய அரச குடும்பங்களுக்கிடையே எழுந்த சச்சரவின் விளைவு அந்தப் போர். வியன்னாவின் அரியணையில் யார் அமர்ந்தாலும் லேனர்க்கில் பிறந்த ஓர் ஏழைக்கு ஆவதொன்றுமில்லை. இருந்தும், பணயமாக வைக்கப்பட்டது அவருடைய கை. ஊனமுற்ற சிப்பாய்களுக்கு வழங்கப்பட்ட ஓய்வூதியத்தோடு லண்டனின் செல்சீ பகுதியில் குடியேறிய அவர், மொரேவியன் திருச்சபையின் கல்லறைத் தோட்டத்தைப் பராமரிக்கும் வேலையைப் பல்லாண்டுக் காலம் செய்தார்.

அந்த வீட்டில்தான் 1756 ஆகஸ்ட் 13 அன்று ஜேம்ஸ் பிறந்தார். உலக வாழ்வைத் துன்பமாகவும் மரணத்தை விடுதலையாகவும் போற்றிய சமயச் சூழல் அது. சிறுவயதிலேயே பெட்ஃபோர்டில் இருந்த மொரேவியன் விடுதிப் பள்ளிக்கு அவர் அனுப்பப்பட்டார். அண்ணன் அங்கேயே நோயுற்று இறந்தான். உடன்பிறந்தவர்களுள் வளர்ந்து ஆளானவர் ஜேம்ஸ் ஒருவர் மட்டுமே. நாடே சிரித்துப் பார்த்த படங்களை வரைந்தவரின் இளமை, சிரிப்புக்கு இடம் தராத வீட்டில் கழிந்தது.

பிள்ளைக்கு ஒரு தொழில் வேண்டுமென்று, எழுத்துச் செதுக்கும் ஹாரி ஆஷ்பி என்பவரிடம் பயிற்சிக்குச் சேர்த்தார்கள். சான்றிதழ்களுக்கும் முகப்புத் தாள்களுக்கும் வளைவு நெளிவான எழுத்துகளைச் செம்பில் வெட்டும் வேலை. பொறுமையைச் சோதிக்கும் அந்தப் பணி இளைஞனுக்குச் சலித்துவிட்டது. நாடோடி நாடகக் குழு ஒன்றோடு புறப்பட்டுப் போனவர், சில காலம் கழித்து லண்டனுக்குத் திரும்பினார். 1778இல் அரச கலைக்கழகத்தின் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். ஆஷ்பியிடம் பெற்ற கைத்திறமும், நாடகக் குழுவில் கற்ற பாவனையும், கலைக்கழகத்தில் பயின்ற உடலமைப்பு ஞானமும் சேர்ந்து பின்னாளில் அவரது படங்களாயின. அவர் வரைந்த அமைச்சர்கள் மேடை நடிகர்களைப்போலக் கையை வீசுவதும் காலை உதைப்பதும் தற்செயலன்று.

அவர் தொழிலுக்கு வந்த காலத்தில் இங்கிலாந்து அமெரிக்கக் குடியேற்றங்களைக் கட்டிக்காக்கப் போரிட்டுத் தோற்றுக்கொண்டிருந்தது. 1781 அக்டோபரில் யார்க்டவுனில் ஆங்கிலேயப் படை சரணடைந்தது. அடுத்த மார்ச் மாதத்தில் நார்த் பிரபுவின் அமைச்சரவை கவிழ்ந்தது. எதிர்க்கட்சியினர் பதவிக்கு வந்தனர். 1782 ஏப்ரலில் வெளியான கில்ரேயின் படம் ஒன்று இந்த ஆட்சி மாற்றத்தை அப்படியே ஃபாரோ என்னும் சீட்டாட்டமாகக் காட்டியது. அதில் பாங்கு வைத்து ஆட்டத்தை நடத்திய நார்த் தோற்றுப்போகிறார். எதிரே இருந்தவர்கள் காசை அள்ளிக்கொள்கிறார்கள். ஆட்டக்காரர்கள் மாறுகிறார்கள், ஆட்டம் மாறவில்லை என்பதே படத்தின் சேதி.

வெற்றி பெற்றவர்களுள் முதன்மையானவர் சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ். இங்கிலாந்தின் முதல் வெளியுறவு அமைச்சர் என்று வரலாறு குறிக்கும் அவர், அந்நாட்டின் பேர்பெற்ற சூதாடியும்கூட. அவருடைய சூதாட்டக் கடனை அடைப்பதற்காக அவர் தந்தை 1774இல் செலவிட்ட தொகை 1 லட்சம் பவுண்டுக்கும் அதிகம். அக்காலத்தில் காலாட்படைச் சிப்பாயின் நாள் ஊதியம் 8 பென்னி. ஆண்டுக்குக் கணக்கிட்டால் 12 பவுண்டு சொச்சம். அதாவது, எட்டாயிரம் சிப்பாய்களின் ஓராண்டு ஊதியத்துக்கும் மேற்பட்ட தொகையைச் சீட்டுக்கட்டில் தோற்ற ஒருவர், போரையும் அமைதியையும் பேசித் தீர்க்கும் பொறுப்புக்கு வந்திருந்தார்.

பதவியேற்ற நான்கு மாதங்களுக்குள் ஃபாக்ஸ் விலகினார். ஜூலையில் கில்ரே வெளியிட்ட படத்தில் ஃபாக்ஸ், மில்டனின் காவியத்தில் வரும் சாத்தானைப்போல, எட்ட முடியாத சூரியனைப் பார்த்தபடி நிற்கிறார். சட்டைப் பைகள் வெறுமையாக வெளியே இழுத்துவிடப்பட்டிருக்கின்றன. அவர் நிற்பது ஒரு சூதாட்டச் சுழல்பலகையின் மேல். அந்தப் பலகை இருப்பது பூகோளத்தின் உச்சியில். நான் இந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் போவது ஃபாக்ஸின் முகத்துக்கு அன்று, அவர் காலடிக்குத்தான். பலகை சுழன்றால் காசு கைமாறும். அதைத் தாங்கி நிற்கும் உலகத்துக்கு என்ன ஆகும்? இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் கேட்ட கேள்வி இது.

சிறிது காலம் கேலிச்சித்திரத்தை ஒதுக்கிவிட்டு, கண்ணியமான செதுக்கோவியராகப் பெயரெடுக்க முயன்றார் கில்ரே. அந்த முயற்சி கைகூடவில்லை. மீண்டும் கேலிச்சித்திரத்துக்கே வந்தார். ஹன்னா ஹம்ஃப்ரி என்னும் பெண்மணி நடத்திவந்த படக்கடை 1790களின் தொடக்கத்திலிருந்து அவருடைய தொழிலிடமும் வீடும் ஆயிற்று. கடையின் மாடியிலேயே தங்கி வரைந்தார். ஹம்ஃப்ரி கடையை எங்கே மாற்றினாரோ அங்கே அவரும் சென்றார். 1797இல் அக்கடை செயின்ட் ஜேம்ஸ் தெருவுக்கு வந்தது. புதிய படம் வெளியாகும் நாள்களில் கடைச் சன்னலின் முன்பு கூட்டம் நெருக்கியடிக்கும். வாங்க வசதியுள்ளவர்கள் உள்ளே போவார்கள். மற்றவர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று சிரித்துவிட்டுப் போவார்கள். எழுத்தறியாதவனுக்கும் அரசியல் புரிந்த இடம் அது.

அதே தெருவில்தான் வைட்ஸ், ப்ரூக்ஸ் என்னும் இரு பெரும் சீமான்களின் மன்றங்களும் இருந்தன. ஆளுங்கட்சியினர் பெரும்பாலும் முன்னதில், எதிர்க்கட்சியினர் பின்னதில். இரண்டிலும் விடியவிடியச் சூதாட்டம். போரின் போக்கு, அமைச்சரவையின் ஆயுள் முதலியவற்றின் மீதும் உறுப்பினர்கள் பந்தயம் கட்டி, அவற்றைப் பதிவேட்டில் எழுதி வைத்தார்கள். ஆகவே, ராஜதந்திரத்தைச் சூதாட்டமாகக் காட்டியது கில்ரேயின் வெறுங்கற்பனை அன்று. பகலில் நாட்டின் படைகளை நகர்த்தியவர்களே இரவில் சீட்டுகளை நகர்த்தினார்கள். அவர்கள் நடந்து போவதை அவர் சன்னலிலிருந்தே பார்த்திருப்பார்.

அந்த மேசையில் நம் மண்ணும் பணயமாக வைக்கப்பட்டது. 1791இல் திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடிக்கச் சென்ற கார்ன்வாலிஸ், உணவுத் தட்டுப்பாட்டாலும் பருவமழையாலும் பின்வாங்க நேர்ந்தது. செய்தி லண்டனை அடைந்ததும், அவ்வாண்டு டிசம்பரில், தம் நாட்டுப் படைத்தலைவரையே நகையாடி கில்ரே ஒரு படம் வெளியிட்டார். பருவமழையின் வருகை என்பது அதன் தலைப்பு. கோட்டைச் சுவரின்மீது நிற்கும் திப்பு பொழியும் மழை எத்தகையது என்பதை, நாகரிகம் கருதி இங்கே எழுதாமல் விடுகிறேன்.

ஆனால், அடுத்த ஆட்டத்தில் கார்ன்வாலிஸ் வென்றார். 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி திப்பு தமது நாட்டில் பாதியை இழந்தார். 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தர ஒப்புக்கொண்டார். இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளை உள்ளடக்கிய பாரமகாலும் திண்டுக்கல்லும் கும்பெனியின் வசமாயின. பணம் முழுவதும் வந்துசேரும் வரை திப்புவின் இரு சிறு பிள்ளைகள் பிணையாகச் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். சூதில் வைக்கும் பொருளையும், பிணையாகப் பிடிக்கப்படும் மனிதரையும் தமிழ் பணயம் என்ற ஒரே சொல்லால் குறிக்கிறது. அந்தச் சொல்லின் முழுப்பொருளை அந்த இரு சிறுவர்களும் அறிந்திருப்பார்கள்.

1793 பிப்ரவரியில் புரட்சிப் பிரான்ஸ் இங்கிலாந்தின்மீது போர் தொடுத்தது. இடையில் சிறு ஓய்வுகள் தவிர, கில்ரேயின் எஞ்சிய காலம் முழுவதும் அந்தப் போர் நீடித்தது. இளம் பிரதமர் வில்லியம் பிட், தம் படைகளைக் காட்டிலும் தம் கருவூலத்தையே பெரிதும் நம்பினார். பணம் கொடுத்து நட்பு நாடுகளின் படைகளைக் களத்தில் நிறுத்துவது அவரது உத்தி. 1794இல் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களைத் தருவதாகச் சொல்லி பிரஷ்யா இங்கிலாந்திடம் பணம் பெற்றது. ஆனால், அதன் கவனமெல்லாம் கிழக்கே போலந்தைக் கூறுபோடுவதில் இருந்தது. அடுத்த ஆண்டே பிரான்சோடு தனியே சமாதானம் செய்துகொண்டு ஒதுங்கிவிட்டது. கொடுத்த பணம் போயிற்று. போலந்தும் ஐரோப்பாவின் வரைபடத்திலிருந்தே மறைந்துபோயிற்று. சூதாட்டத்தில் கள்ளச்சீட்டு என்பது இதுதான்.

போரின் முதலாண்டில் கில்ரே வரைந்த ஒரு படத்தில், மன்னரின் மகனும் படைத்தலைவருமான யார்க் கோமகன் ஃபிளாண்டர்ஸ் களத்தில் மதுவும் மங்கையருமாக விருந்துண்கிறார். எலும்பும் தோலுமான ஆங்கிலேயச் சிப்பாய்கள் அவருக்குப் பரிமாறுகிறார்கள். அந்த ஆண்டின் பிற்பகுதியில், வாலன்சியேன் முற்றுகையைப் பற்றிய ஓவியம் ஒன்றுக்குக் குறிப்புகள் எடுப்பதற்காக லூத்தர்போர்க் என்னும் ஓவியருடன் கில்ரேயும் ஃபிளாண்டர்ஸுக்குச் சென்றார். அவருடைய தந்தை கையிழந்த ஃபான்டனாய் அங்கிருந்து வெகு தொலைவில் இல்லை. அரை நூற்றாண்டு கழித்தும் அதே மண்ணில் அதே ஆட்டம் நடந்துகொண்டிருந்தது.

1797 ஜனவரியில் வந்த படத்தில் பிட், நாடாளுமன்ற அவையில் இராட்சத உருவமாகக் காலை விரித்து நிற்கிறார். எதிர்க்கட்சியினர் அவர் காலடியில் நசுங்குகிறார்கள். அவர் கையில் ஒரு விளையாட்டுக் கருவி; கயிற்றில் கட்டிய பந்தைத் தூக்கிப்போட்டுக் குச்சியில் ஏந்தும் சிறுபிள்ளை விளையாட்டு. அந்தப் பந்துதான் பூகோளம். அடுத்த மாதம், தங்கக் கையிருப்பு கரைந்ததால், காகிதப் பணத்துக்கு ஈடாகத் தங்கம் கொடுப்பதை இங்கிலாந்து வங்கி நிறுத்த நேர்ந்தது. மே மாதம் வந்த கில்ரேயின் படத்தில் வங்கி ஒரு கிழவியாகத் தன் பெட்டியின்மீது அமர்ந்திருக்கிறாள். அவள் உடுத்தியிருப்பது காகிதப் பணம். காதல் செய்வதுபோல் நெருங்கும் பிட்டின் கை அவளுடைய தங்கத்தை நோக்கி நீளுகிறது. இங்கிலாந்து வங்கிக்கு இன்றும் வழங்கும் கிழவி என்ற பட்டப்பெயர் நிலைபெற அந்தப் படம் காரணமாயிற்று.

இத்தனை கூர்மையான ஊசியை அரசு விட்டுவைக்குமா? அங்கேதான் கில்ரேயின் வாழ்க்கை நம்மைச் சங்கடப்படுத்தும் திருப்பத்துக்கு வருகிறது. 1796 ஜனவரியில், இளவரசருக்குப் பிறந்த பெண்குழந்தையை ஃபாக்ஸும் நண்பர்களும் வணங்குவதாக வரைந்த படம், கிறிஸ்துவின் பிறப்பைப் பரிகசிக்கிறது என்று அவர் கைது செய்யப்பட்டார். பிணையில் வெளிவந்தார். அரசுக்கு எதிரான பேச்சையும் கூட்டங்களையும் ஒடுக்கக் கடுமையான சட்டங்கள் நிறைவேறியிருந்த நேரம் அது. வழக்கு தண்டனை வரை செல்லவில்லை. ஆனால், அதன் நிழல் அவர்மீது தங்கியது.

அந்த நிழலில்தான் ஜார்ஜ் கேனிங் என்னும் இளம் அரசியல்வாதி அவரை நெருங்கினார். வெளியுறவுத் துறையில் துணைச் செயலராக இருந்த கேனிங்குக்கு, கில்ரேயின் படத்தில் தாமும் இடம்பெற வேண்டுமென்று ஆசை. கேலிக்கு ஆளாவதே புகழின் அடையாளம் என்று கருதிய கெட்டிக்காரர் அவர். விரைவில் நட்பு பேரமாயிற்று. 1797 வாக்கிலிருந்து 1801இல் பிட் பதவி விலகும் வரை, ஆண்டுக்கு 200 பவுண்டு அரசு உதவித்தொகை கில்ரேக்குக் கிடைத்தது. அந்த ஆண்டுகளில் பிட்டின்மீது பாய்ந்த அம்புகள் குறைந்தன. ஃபாக்ஸின்மீதும், பிரெஞ்சுப் புரட்சியின்மீது பரிவு காட்டியவர்கள்மீதும் அவை மழையாய்ப் பொழிந்தன.

இதை எப்படி எடைபோடுவது? சிறைக்கு அஞ்சியவர் என்று சிலர் இரங்குவர். விலைபோனவர் என்று சிலர் கைகழுவுவர். புரட்சியின் பெயரால் பாரிஸில் நடந்த படுகொலைகள் அவரை உண்மையிலேயே மாற்றியிருக்கலாம் என்போரும் உண்டு. மூன்றிலும் உண்மை இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். பிறர் பொருளைப் பணயம் வைப்பவர்களைச் சாடிய கலைஞர், தமது சுதந்திரத்தைத் தாமே பணயம் வைத்தார். இழந்ததன் மதிப்பை 200 பவுண்டு ஈடுசெய்திருக்காது. ஆட்சியாளரை நகையாடும் தொழிலில் இருப்பவர் ஆட்சியாளரின் கையிலிருந்து ஊதியம் பெற்றால், அவருடைய ஊசி மழுங்காவிட்டாலும் அது குத்தும் இடம் மாறிவிடுகிறது. இந்தப் பாடம் 1797ஆம் ஆண்டோடு முடிந்துவிடவில்லை.

ஆயினும், கதை அங்கே முடியாததே கில்ரேயின் பெருமை. உதவித்தொகை நின்ற பிறகு, அவருடைய மிகச்சிறந்த படைப்புகள் வந்தன.

1802 மார்ச் மாதம் ஆமியான் நகரில் இங்கிலாந்தும் பிரான்சும் சமாதானம் செய்துகொண்டன. போரில் பிடித்த இடங்களில் பெரும்பாலானவற்றைத் திருப்பித் தர இங்கிலாந்து இசைந்தது. தன்னிடமே வைத்துக்கொண்டவை ஸ்பெயினிடமிருந்து பெற்ற டிரினிடாடும், டச்சுக்காரர்களிடமிருந்து பிடித்த இலங்கைக் கரையோரமும். யாழ்ப்பாணமும் திருகோணமலையும் மட்டக்களப்பும் பிரான்ஸ் நாட்டு மேசை ஒன்றில் சட்டப்படி கைமாறின. அங்கே வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை. அந்தச் சமாதானத்தைக் கில்ரே ஒரு முத்தமாக வரைந்தார். கொழுத்த பிரிட்டானியாவை ஒல்லியான பிரெஞ்சு அதிகாரி ஒருவன் பத்தாண்டு கழித்து முத்தமிடுகிறான். இருவர் முகத்திலும் அன்பில்லை, வாளும் கேடயமும் எட்டும் தொலைவிலேயே இருக்கின்றன. அந்தப் படம் வந்த ஐந்தாம் மாதம், 1803 மே மாதத்தில், போர் மீண்டும் மூண்டது.

இந்தக் காலத்தில்தான் நெப்போலியனைக் குள்ளனாக்கினார் கில்ரே. நெப்போலியனின் உண்மையான உயரம் அக்காலப் பிரெஞ்சுக்காரரின் சராசரியை ஒட்டியதே. ஆனால், பெரிய தொப்பியும் பெரிய காலணியும் அணிந்து, நாற்காலியை உதைத்துத் தள்ளி அடம்பிடிக்கும் சிறுபிள்ளையாக அவரைக் கில்ரே வரைந்தபின், உலகம் அவரைக் குள்ளனாகவே நினைவில் வைத்திருக்கிறது. பேரரசர் பட்டம் சூட்டிக்கொண்ட ஒருவரின் உயரத்தைச் செப்புத் தகட்டில் வரைந்த ஒருவர் நிரந்தரமாகக் குறைத்துவிட்டார். கலையின் வலிமைக்கும், அதன் நியாயமின்மைக்கும் இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1805 ஜனவரியில் நெப்போலியன், இங்கிலாந்து மன்னருக்குச் சமாதானம் வேண்டிக் கடிதம் எழுதினார். பிப்ரவரி 26 அன்று கில்ரேயின் பதில் படமாக வந்தது. ஒரு மேசை. இருபுறமும் பிட்டும் நெப்போலியனும். நடுவே, ஆவி பறக்கும் உருண்டையான இனிப்புப் பண்டம், அதுவே பூகோளம். ஒல்லியான பிட் அலட்டிக்கொள்ளாமல் அட்லாண்டிக் கடலை மேற்கிந்தியத் தீவுகளோடு சேர்த்து அறுக்கிறார். அவருடைய முள்கரண்டி கடலரசனின் திரிசூலம்போல் இருக்கிறது. குள்ள நெப்போலியன் நாற்காலியிலிருந்து எழுந்து, ஆசை கண்ணில் பொங்க, வாளால் ஐரோப்பாவை வெட்டியெடுக்கிறார். கடல் ஒருவருக்கு, நிலம் மற்றவருக்கு. அவ்வாண்டு அக்டோபரில் டிரஃபால்கரில் இங்கிலாந்து கடலை வென்றது. டிசம்பரில் ஆஸ்டர்லிட்ஸில் நெப்போலியன் நிலத்தை வென்றார். படத்தில் வெட்டிய கோடுகள் களத்தில் வரையப்பட்டன.

ஆயிரம் முறை நகலெடுக்கப்பட்டு, இன்றும் புதிய தலைவர்களின் முகங்களோடு மீண்டும் மீண்டும் வரையப்படும் படம் அது. அதில் என்னை ஈர்ப்பது அதன் நடுநிலை. எதிரி நாட்டுத் தலைவரைப் பேராசைக்காரராகக் காட்டுவது போர்க்காலத்தில் எவர்க்கும் எளிது. தம் நாட்டின் பிரதமரையும் அதே மேசையில், அதே பசியோடு, எதிரியினுடையதைவிடப் பெரிய துண்டை வெட்டுபவராக உட்காரவைக்கத் துணிவு வேண்டும். அதிலும், ஒருகாலத்தில் அதே பிரதமரின் அரசிடம் ஊதியம் பெற்ற கை அது. மேசையைச் சுற்றி வேறு ஒருவரும் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். வெட்டப்படும் பண்டத்துக்குள் இருக்கும் கோடிக்கணக்கான மக்களுக்கு நாற்காலி போடப்படவில்லை.

1806 ஜனவரி 23 அன்று பிட் காலமானார். அதே நாளைத் தாங்கி வெளிவந்தது கில்ரேயின் இன்னொரு படம். நெப்போலியன் ரொட்டிக் கடைக்காரராகி, அடுப்பிலிருந்து சுடச்சுடப் புதிய மன்னர்களை எடுக்கிறார். பவேரியாவுக்கும் வூர்ட்டம்பர்க்குக்கும் அப்போதுதான் அவர் மன்னர் பட்டம் வழங்கியிருந்தார். பின்னால் மாவு பிசைந்துகொண்டிருப்பவர் அவருடைய வெளியுறவு அமைச்சர் டாலிராண்ட். உடைந்துபோன பழைய அரசுகள் சாம்பல் குழியில் கிடக்கின்றன. முடியாட்சி இறைவன் கொடுத்தது என்று நம்பியவர்களுக்கு, அது மாவும் சர்க்கரையும் என்று காட்டிய படம்.

அதன்பின் கில்ரேயின் கண்கள் மங்கத் தொடங்கின. நுண்ணிய கோடுகளில் வாழ்ந்தவருக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை. மதுப்பழக்கம் மிகுந்தது; மனம் தளர்ந்தது. 1809க்குப் பிறகு அவரிடமிருந்து குறிப்பிடத்தக்க புதிய படம் வரவில்லை. அடுத்த ஆண்டில் சித்தம் கலங்கியது. 1811இல் மேல்மாடிச் சன்னல் வழியாக உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார், காப்பாற்றப்பட்டார். பல்லாண்டுகள் அவருடைய உழைப்பில் கடை நடத்திய ஹன்னா ஹம்ஃப்ரி, அவரைக் கைவிடாமல் இறுதிவரை தம் வீட்டிலேயே வைத்துப் பராமரித்தார். பணத்தைக் கொண்டு அளக்க முடியாத உறவு அவருடைய வாழ்வில் அது ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

1815 ஜூன் 1 அன்று கில்ரே மறைந்தார். அவர் உயிர் பிரிந்தபோது வியன்னாவில் ஐரோப்பாவின் மாபெரும் மேசை போடப்பட்டிருந்தது. எட்டு நாள் கழித்து, ஜூன் 9 அன்று அங்கே இறுதி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. சாக்சனி பிளக்கப்பட்டு ஒரு பகுதி பிரஷ்யாவுக்குப் போயிற்று. பெல்ஜியம் நெதர்லாந்துக்கும், ஜெனோவா சார்டினியாவுக்கும் தரப்பட்டன. போலந்து மீண்டும் பங்கிடப்பட்டது. பிரான்சின் சார்பில் அம்மேசையில் அமர்ந்தவர், கில்ரேயின் படத்தில் மாவு பிசைந்த அதே டாலிராண்ட். ஜூன் 18 அன்று வாட்டர்லூவில் நெப்போலியன் முற்றிலும் தோற்றார். அந்தப் போர்க்களம் இருப்பதும் பெல்ஜியத்தில்தான். கையையும் காலையும் இழந்த சிப்பாய்கள் மறுபடியும் ஆயிரக்கணக்கில் வீடு திரும்பினார்கள்.

கில்ரேயின் படங்களில் ஆபாசம் உண்டு. பெண்களையும் அயல்நாட்டவரையும் இழிவுபடுத்தும் கோடுகள் உண்டு. பின்வந்த தலைமுறை அவற்றை அருவருத்து ஒதுக்கியது. அவரை அறத்தின் திருவுருவாக்க நான் முயலவில்லை. அவரும் அதை விரும்பியிருக்க மாட்டார். ஆனால், கையிழந்த சிப்பாயின் மகன் ஒன்றைத் தெளிவாகக் கண்டார். அரசுகள் ஆடும் ஆட்டத்தில் வெற்றியும் தோல்வியும் ஆடுகிறவர்களுக்கு மட்டும் உரியவையல்ல. தோற்ற அமைச்சர் தம் பண்ணை வீட்டுக்குப் போவார். தோற்ற மன்னர் ஒரு தீவுக்குப் போவார். பணயப் பொருளுக்கோ திரும்பிப் போக இடமிருக்காது.

ராஜதந்திரத்தில் பேரம் தவிர்க்க முடியாதது என்பதை நான் அறிவேன். பேச்சே இல்லாமல் போர் நீள்வதைவிட, அரைகுறை உடன்பாடும் மேலானதாக இருக்கலாம். ஆனால், பேரம் வேறு, சூது வேறு. பேரத்தில் தன் பொருளுக்கு ஒருவன் விலை பேசுகிறான். சூதிலோ, தன்னுடையது அல்லாததையும் அவன் வைத்து ஆடிவிட முடிகிறது. தொலைக்காட்சியில் இரு நாட்டுத் தலைவர்கள் மேசையில் அமர்ந்து கைகுலுக்கும்போது, யார் வென்றார், யார் தோற்றார் என்று விவாதிக்க நாம் விரைகிறோம். அதற்குமுன் ஒரு கணம், அந்த மேசையில் யாருக்கு நாற்காலி போடப்படவில்லை என்று பார்க்கப் பழகிக்கொள்வது நல்லது.